18446744073709551615: மண்டிக் கணக்கில் வந்து நின்ற எண்

மண்டிக்காரர் | திங்கள், இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். இங்க கணக்கு தெரிஞ்சவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு மச்சான் சொன்னான், அதான் சேர்ந்தேன். எனக்கு அரிசி மண்டி. பில்லிங்குக்கு ஒருத்தர் எழுதிக் கொடுத்த சாஃப்ட்வேர் ஓடுது. இன்னைக்கு சாயங்காலம் கடைப்பையன் 26 கிலோ பொன்னி மூட்டை ஒண்ணு பில் போட்டான். போட்ட உடனே இருப்புக் கட்டத்துல 18446744073709551615 மூட்டைன்னு வந்து நிக்குது. அதுக்கு முன்னாடி அங்க 0 இருந்துச்சு.

எண்ணைத் துண்டுச் சீட்டுல எழுதி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். எட்டாவது படிக்கிற பொண்ணு பார்த்துட்டு, "அப்பா, இது செஸ் போர்டு அரிசிக் கணக்கோட விடை, எங்க மிஸ் போர்டுல எழுதினாங்க"ங்கறா. நோட்டை எடுத்து ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் பார்த்தோம். இருபது இலக்கமும் அப்படியே. எனக்குத் தூக்கம் வரல. யாராச்சும் விளக்குங்க.

பிழைதிருத்தி | திங்கள், இரவு 9.31

அண்ணே, பயப்படாதீங்க. கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல, எழுதினவர்தான் ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டார். இருப்பு 0 இருக்கும்போது 1 கழிச்சிருக்கு. வர வேண்டியது −1. ஆனா அந்தக் கட்டத்தை "கழித்தல் குறி இல்லாத 64 பிட் எண்"ணா அறிவிச்சிருக்கார். அதுக்கு மைனஸ்னா என்னன்னே தெரியாது.

பழைய ஸ்கூட்டர்ல கிலோமீட்டர் மீட்டர் பார்த்திருப்பீங்க. 00000-ல இருந்து ஒரு பல் பின்னால திருப்பினா 99999 வரும். இதுவும் அதேதான். 64 கட்டம், ஒவ்வொண்ணுலயும் 0 இல்லேன்னா 1. எல்லாம் 0-வா இருக்கும்போது ஒண்ணு பின்னால போனா எல்லாம் 1 ஆயிடும். 64 ஒன்றுகளை நம்ம பத்தடிமானத்துல எழுதினா உங்க சீட்டுல இருக்கற எண். அதாவது 2^64 − 1 (64 ரெண்டுகளைப் பெருக்கி, ஒண்ணு கழிச்சது).

செஸ் போர்டுலயும் 64 கட்டம். முதல் கட்டத்துல 1, அடுத்து 2, 4, 8... மொத்தம் 2^64 − 1. பொண்ணு சொன்னது ரொம்பச் சரி.

காவேரிக்கரை | திங்கள், இரவு 9.50

கேரளத்துல அம்பலப்புழை கிருஷ்ணன் கோயில் பால்பாயசத்துக்கும் இதே கதைதான் சொல்லுவாங்க. சாமி முனிவர் வேஷத்துல வந்து ராஜாகிட்ட சதுரங்கம் ஆடி ஜெயிச்சு, கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பா அரிசி கேட்டாராம். ராஜாவால முடியல. கடனைப் பாயசமா தினம் தினம் அடைச்சுக்கிட்டே இருக்காங்கன்னு ஐதீகம். அந்தப் பாயசத்தைக் குடிச்சவங்களுக்குத் தெரியும், கடன் தீராம இருக்கறதே நல்லது.

வாத்தியார்67 | திங்கள், இரவு 10.24

முப்பத்தோரு வருடம் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவன். இந்த எண் எனக்குப் பிடித்த எண். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாய்விட்டுப் படிப்போம். 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி, 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. இலக்கங்களைக் கூட்டினால் 87. ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 5, ஆகவே 5-ஆல் வகுபடும். இதுவரை எட்டாம் வகுப்புக் குழந்தையே சொல்லிவிடும்.

இதை முழுவதுமாகக் காரணிப்படுத்த கால்குலேட்டர் தேவையில்லை. நம் பழைய சூத்திரம் போதும்: ஒரு எண்ணின் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், அது (அந்த எண் − 1) × (அந்த எண் + 1). 2^64 என்பது 2^32-இன் வர்க்கம். ஆகவே

2^64 − 1 = (2^32 − 1) × (2^32 + 1)

இடப்பக்க அடைப்பு மறுபடி அதே வடிவம். அதை உடைத்தால் (2^16 − 1)(2^16 + 1). இப்படியே வெங்காயம் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே போனால் கையில் மிஞ்சுவது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

ஆறு எண்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, ஒன்று கூட்டினால் வருவது. 3-இல் 2, வர்க்கம் 4, கூட்ட 5. 5-இல் 4, வர்க்கம் 16, கூட்ட 17.

பழைய பாரசீக அறிஞர் அல்-பிரூனி 1000-ஆம் ஆண்டு வாக்கிலேயே சதுரங்கப் பலகையின் கூட்டுத்தொகையைச் சொல்லியிருக்கிறார். 64 எண்களை வரிசையாக எழுதிக் கூட்டவில்லை. 16-ஐ வர்க்கப்படுத்தினார், விடையை வர்க்கப்படுத்தினார், மறுபடி, மறுபடி. நான்கு தடவை. கடைசியில் ஒன்றைக் கழித்தார். நான் உரித்த அதே வெங்காயத்தை அவர் உள்ளிருந்து வெளியே கட்டியிருக்கிறார்.

சும்மாகேட்டேன் | திங்கள், இரவு 10.41

வாத்தியார் சார் கோவிச்சுக்காதீங்க. எக்செல்ல =2^64-1 போட்டுப் பார்த்தேன். 18446744073709600000 வருது. கடைசில சைபர். அப்ப 2-ஆல வகுபடணுமே? 3-ஆல வகுத்து மீதி பார்க்கலாம்னு மாட் ஃபார்முலா போட்டா எண் பிழைன்னு திட்டுது. எது சரி?

பிழைதிருத்தி | திங்கள், இரவு 10.48

எக்செல் 15 இலக்கத்துக்கு மேல ஞாபகம் வெச்சுக்காது தலைவா. மிச்சத்துக்கு சைபர் ரொப்பிடும். பிரவுசர்ல ஜாவாஸ்கிரிப்ட்டை நேராக் கேட்டா 18446744073709552000-ன்னு வேற ஒரு பொய் சொல்லும். ரெண்டும் தசமப் புள்ளி நகர்ற முறையில எண்ணைச் சேமிக்குது, அதுல 2^64-க்கும் 2^64 − 1-க்கும் வித்தியாசமே தெரியாது. பைத்தான்ல முழு எண்ணாவே போடுங்க, கடைசி 5 வரைக்கும் வரும்.

வாத்தியார்67 | திங்கள், இரவு 10.55

கணினி இல்லாமலும் பார்க்கலாம். 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுற்றும். 64 நான்கால் வகுபடுவதால் 2^64-இன் கடைசி இலக்கம் 6. ஒன்று கழித்தால் 5. எக்செல் என்ன சொன்னாலும் அது 5தான்.

சுடர்விழி | செவ்வாய், காலை 6.40

காலேஜ் கிளம்பற அவசரத்துல எழுதறேன். ஐயா, அந்த ஆறு எண்களும் பெர்மா எண்கள்தானே? அதான், 2-ஓட அடுக்கு 1, 2, 4, 8-ன்னு இரட்டிச்சுக்கிட்டே போக, கூட ஒண்ணு சேர்த்தா வர்றது. 3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண்கள். ஆறாவதும் பகா எண்ணா?

வாத்தியார்67 | செவ்வாய், காலை 7.15

அம்மா, அந்தக் கேள்வியில்தான், இவற்றுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மாவே வழுக்கினார். 1640-இல் கடிதங்களில் இவையெல்லாம் பகா எண்கள் என்று நம்பி எழுதினார். ஐந்து சரியாக இருந்தன. ஆறாவதைச் சோதிப்பது கையால் பெரிய வேலை.

1729 டிசம்பர் 1-ஆம் தேதி கோல்ட்பாக் என்ற கணித அறிஞர், கணித மேதை ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதி, பெர்மாவின் இந்தக் கூற்று உமக்குத் தெரியுமா என்று கேட்டார். (1729 என்றதும் நமக்கு ராமானுஜன் ஞாபகம் வரும். இது வெறும் வருடம், ஆனாலும் ஒரு சந்தோஷம்.) ஆய்லர் முதலில் அவ்வளவாக ஆர்வம் காட்டவில்லை. 1732-இல் விடையோடு வந்தார்:

4294967297 = 641 × 6700417

கையால் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் அழகு. 2^32 + 1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்ணாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்டவை 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் 641. பின்னாளில் 1878-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இன்னும் இறுக்கினார்: 64 இல்லை, 128-ஆல் வகுத்தாலே மீதி 1 வர வேண்டும். அப்படியானால் முதல் ஆள் 257, அடுத்த ஆள் 641. இரண்டாவது கதவைத் தட்டியதும் திறந்துவிட்டது.

சும்மாகேட்டேன் | செவ்வாய், காலை 9.05

641 வகுக்கும்னு பெருக்கிப் பார்க்காம நிரூபிக்க முடியுமா? 6700417-ஐ 641-ஆல பெருக்கச் சொன்னா நான் இப்பவே லாக் அவுட்.

சுடர்விழி | செவ்வாய், மதியம் 1.10

இதை நான் சொல்றேன் ஐயா, இடைவேளையில கேன்டீன்ல உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

641-ஐ ரெண்டு விதமா எழுதலாம்.
641 = 640 + 1 = 5 × 2^7 + 1
641 = 625 + 16 = 5^4 + 2^4

641-ஆல வகுத்தா வர மீதியை மட்டும் பார்ப்போம். முதல் வரிப்படி 5 × 2^7-ம் −1-ம் ஒண்ணுதான். ரெண்டு பக்கமும் நாலாம் அடுக்கு எடுத்தா 5^4 × 2^28-ம் 1-ம் ஒண்ணு. ரெண்டாவது வரிப்படி 5^4-க்கு பதிலா −2^4 போடலாம். போட்டா −2^32-ம் 1-ம் ஒண்ணு. அதாவது 2^32 + 1-ஐ 641-ஆல வகுத்தா மீதி 0.

பெருக்கவே இல்ல! பக்கத்துல உட்கார்ந்திருந்தவ "டீ ஆறுது"ன்னு கத்தினா.

வாத்தியார்67 | செவ்வாய், மதியம் 2.30

சபாஷ். இன்னொரு பாதி மிச்சம் இருக்கிறது: 6700417 பகா எண்ணா? அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதற்குள் 128-ஆல் மீதி 1 வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஏற்கெனவே பெர்மா எண், ஒரு பெர்மா எண் இன்னொன்றோடு பொதுக் காரணி வைத்துக்கொள்ளாது. ஆக நான்கு வகுத்தல்கள். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஒன்றும் பூஜ்யம் இல்லை. ஆகவே பகா எண். மதியத் தூக்கத்துக்கு முன் ஒரு தாளின் பின்பக்கத்தில் முடிந்துவிட்டது.

முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஆகவே வகுத்திகள் 2^7 = 128.

பெர்மா எண்கள் ஏன் பொதுக் காரணி வைத்துக்கொள்ளாது என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நம் எண் முதல் ஆறு பெர்மா எண்களின் பெருக்கல். அதோடு 2 கூட்டினால் 2^64 + 1, ஏழாவது பெர்மா எண். இரண்டையும் வகுக்கும் எண் இருந்தால் அது 2-ஐயும் வகுக்க வேண்டும். எல்லாமே ஒற்றைப்படை. முடிந்தது.

மண்டிக்காரர் | செவ்வாய், இரவு 8.45

சார், பாதி புரியுது, பாதி புரியல, ஆனா படிக்க நல்லா இருக்கு. நம்மால முடிஞ்சதை நானும் செஞ்சேன். கடையில பொன்னி பச்சரிசி 500 மணி எண்ணி, பக்கத்து நகைக்கடை தராசுல நிறுத்தேன். 6 கிராம். மணிக்கு 12 மில்லிகிராம். பொண்ணு கணக்குப் போட்டா: செஸ் போர்டு முழுக்க அரிசி சுமார் 22,000 கோடி டன். உலகத்துல வருஷத்துக்கு விளையற அரிசி கிட்டத்தட்ட 50 கோடி டன்னாம். அப்ப 440 வருஷ விளைச்சல்.

அது மணிக்கணக்கு. எனக்கு ஸ்க்ரீன்ல காட்டறது மூட்டைக்கணக்கு. ஜிஎஸ்டி ஆபீசுல இருந்து யாராச்சும் பார்த்தா என்ன சொல்றது?

காவேரிக்கரை | செவ்வாய், இரவு 9.02

அம்பலப்புழை கடனை நீங்களே அடைச்சிடுங்க அண்ணே.

பிழைதிருத்தி | செவ்வாய், இரவு 9.20

வாத்தியார் சொன்ன 128 வகுத்தியை வெச்சு ஒரு வேடிக்கை. பாஸ்கல் முக்கோணம்னா ஓரமெல்லாம் 1, உள்ள இருக்கற ஒவ்வொரு எண்ணும் அதுக்கு மேல இருக்கற ரெண்டோட கூட்டல். அதுல ஒற்றைப்படைக்கு 1, இரட்டைப்படைக்கு 0 போடுங்க. ஒவ்வொரு வரியையும் கம்ப்யூட்டர் படிக்கற மாதிரி இரண்டடிமான எண்ணா படிங்க.

1 → 1
1 1 → 3
1 0 1 → 5
1 1 1 1 → 15
1 0 0 0 1 → 17
1 1 0 0 1 1 → 51
1 0 1 0 1 0 1 → 85
1 1 1 1 1 1 1 1 → 255

மேல இருந்து எண்ணினா 64-வது வரி முழுக்க ஒன்றுகள். அதாவது மண்டிக்காரர் அண்ணனோட மூட்டை எண்ணிக்கை. அந்த 64 வரியில வர எல்லா எண்ணும் அதை மீதியில்லாம வகுக்கும். கோடு எழுதி ஓட்டிப் பார்த்தேன், ஒண்ணுகூட தப்பல. ஆனா வகுத்திகள் 128 இல்ல? மிச்சம் 64 எங்க போச்சு?

சுடர்விழி | செவ்வாய், இரவு 10.35

கண்டுபிடிச்சேன்! வரிகள்ல வர்றது எல்லாம் ஆறு பெர்மா எண்கள்ல சிலதைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினது. ஆறுல ஒவ்வொண்ணையும் எடுக்கலாம் இல்ல விடலாம், அதனால 2^6 = 64. அதுல 4294967297 வந்தா முழுசா வரும், இல்லேன்னா வராது. 641-ஐ மட்டும் தனியா எடுக்கற வகுத்தி முக்கோணத்துல இருக்காது. 6700417 மட்டும் உள்ளதும் இருக்காது. அப்படி இருக்கறது 32 + 32 = 64. அதுதான் காணாமப்போன பாதி.

ஆய்லர் அந்த ஆறாவது எண்ணை உடைக்காம இருந்திருந்தா நமக்கு 64 மட்டும்தான் தெரிஞ்சிருக்கும்.

வாத்தியார்67 | புதன், காலை 5.50

இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுடர்விழி, முக்கோணத்தின் முதல் 32 வரிகளை எடுத்துக்கொள். அவை 4294967295-இன் வகுத்திகள் முழுவதும், ஒன்றும் விடுபடாது. 1-ஐ விட்டால் 31. அளவு குறிக்காத கோல், கவராயம் இரண்டை மட்டும் வைத்து வரையக்கூடிய, பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையான ஒழுங்கு பலகோணங்களில் நமக்குத் தெரிந்தவை இந்த 31 மட்டுமே. 3, 5, 15 பழங்கிரேக்கர்களுக்கே தெரியும். 17 பக்கத்தை 1796-இல் காஸ், இருபது வயது நிறைவதற்கு முன், வரையலாம் என்று காட்டினார். 33-ஆவது வரி 4294967297. அங்கே சங்கிலி அறுகிறது. ஆறாவது பெர்மா எண்ணுக்குப் பிறகு இதுவரை ஒரு பெர்மா பகா எண்கூட யாருக்கும் அகப்படவில்லை.

இதே முறிவை இன்னோர் இடத்திலும் காணலாம். ஒரு எண்ணைவிடச் சிறிய, அதோடு பொதுக் காரணி இல்லாத எண்கள் எத்தனை என்று எண்ணுவது ஆய்லரின் ஃபை சார்பு. 3-க்கு 2. 15-க்கு 8. 255-க்கு 128. 65535-க்கு 32768. 4294967295-க்கு 2147483648. ஒவ்வொரு முறையும் அந்த எண்ணோடு ஒன்று கூட்டியதன் சரிபாதி. இதைப் பார்த்த எவரும் நம் எண்ணுக்கும் 2^63 என்றுதான் எழுதுவார்கள். தவறு. 0.16 சதவீதம் போலக் குறைகிறது. வகுப்பில் இந்த ஐந்து வரிகளை எழுதி ஆறாவதைக் கேட்பேன். முப்பத்தோரு வருடத்தில் "எனக்குச் சந்தேகமாக இருக்கிறது சார்" என்று சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருத்தி இப்போது தபால் நிலையத்தில் வேலை செய்கிறாள்.

சும்மாகேட்டேன் | புதன், காலை 8.30

அப்ப 2-ஓட அடுக்கு பகா எண்ணா இருந்தா, ஒண்ணு கழிச்சா பகா எண் கிடைக்குமா? 64 பகு எண்ங்கறதாலதானே இது இவ்ளோ துண்டாச்சு?

வாத்தியார்67 | புதன், காலை 8.52

அடுக்கு பகு எண்ணாக இருந்தால் நிச்சயம் உடையும். மறுபக்கம் உறுதி கிடையாது. 2^11 − 1 = 2047 = 23 × 89. 2^67 − 1-ஐப் பற்றிய கதை இன்னும் சுவை. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் என்ற பேராசிரியர் எழுந்து போனார். ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையின் ஒரு பக்கம் 2^67 − 1-ஐக் கணக்கிட்டார். மறுபக்கம் 193707721 × 761838257287 என்று எழுதிக் கையால் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. பேசாமலே போய் உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது.

பிழைதிருத்தி | புதன், காலை 10.15

நம்ம எண்ணோட அக்கம்பக்கத்தையும் சொல்லிடறேன். ரெண்டு வீடு தள்ளி இருக்கற 18446744073709551617-ஐ (அதான் ஏழாவது பெர்மா எண்) 1880-ல லாண்ட்ரிங்கறவர் 274177 × 67280421310721-ன்னு உடைச்சார். அப்ப அவருக்கு வயசு 82. கீழ்ப்பக்கம் போனா, 2^64-க்குள்ள இருக்கற பெரிய பகா எண் 2^64 − 59, அதாவது 18446744073709551557.

ஹனோய் கோபுரம் புதிர்லயும் (அடுக்கி வெச்ச தட்டுகளை, சின்னது மேல பெருசு வைக்காம, ஒவ்வொண்ணா வேற கம்பிக்கு மாத்தறது) 64 தட்டுன்னா இதே எண்தான். லூக்கா 1883-ல வெளியிட்டது. காசியில 64 தங்கத் தட்டு, மாத்தி முடிச்சா உலகம் அழியும்னு கதை கட்டிவிட்டாங்க. ஒரு நொடிக்கு ஒரு தட்டுன்னா சுமார் 58,454 கோடி வருஷம். பிரபஞ்சத்தோட வயசைப் போல 42 மடங்கு. காசிக்காரங்க நிம்மதியா இருக்கலாம்.

மண்டிக்காரர் அண்ணே, உங்க சாஃப்ட்வேர்காரர்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லுங்க. இருப்புக் கட்டத்தைக் குறியுள்ள எண்ணா மாத்தணும். இருப்பு 0-ன்னா பில் போடவே விடக்கூடாது.

மண்டிக்காரர் | வியாழன், இரவு 8.20

தம்பி, அவர் இன்னைக்கு வந்து நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டுப் போனார். இப்ப இருப்பு −1-ன்னு காட்டுது. அந்தத் துண்டுச் சீட்டைப் பொண்ணு வாங்கி, பின்னாடி ஏழு பகா எண்ணையும் எழுதி, கணக்கு நோட்டுல ஒட்டி வெச்சிருக்கா. வாத்தியார் சாருக்கு வணக்கம் சொல்லச் சொன்னா.

ஆனா ஒண்ணு. இருப்பு 0-ன்னு இருக்கும்போது பையன் ஒரு மூட்டையைத் தூக்கிக் குடுத்திருக்கான், நான் கண்ணால பார்த்தேன். அந்த மூட்டை எப்ப உள்ள வந்துச்சு, யார் சரக்குன்னு வரவு நோட்டுல எங்கயும் காணோம். மூணு நாளா தேடறேன்.

காவேரிக்கரை | வியாழன், இரவு 8.26

முனிவர் வேஷத்துல யாராச்சும் கடைக்கு வந்தாங்களான்னு பையன்கிட்ட கேளுங்க.